லினக்ஸில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் சிறு நிறுவனம் நடத்துபவர்கள், சிஸ்டம் அட்மின்கள், சொந்தமாக மென்பொருள் எழுதி விற்க நினைப்பவர்கள் என்று பலரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். விலையும் வரி விதியும் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. லினக்ஸே ஓசியில கிடைக்குது. அது மேல ஓடுற சாஃப்ட்வேருக்கு நான் எதுக்கு சார் காசு குடுக்கணும்?

இயங்குதளத்தின் விலைக்கும் அதன் மேல் ஓடும் மென்பொருளின் விலைக்கும் தொடர்பே இல்லை. ஆரக்கிள் தன் டேட்டாபேஸை 1998-லேயே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸில் போட்டாலும் லினக்ஸில் போட்டாலும் அதற்கு ஒரே லைசென்ஸ்தான். லினக்ஸுக்கு மாறினால் மிச்சமாவது விண்டோஸ் சர்வருக்கும், அதில் சேரும் ஒவ்வொரு பயனருக்கும் கட்டும் தொகை. மேலே ஓடுவதற்கான பில் அப்படியே வரும்.

2. ஜிபிஎல் சிஸ்டத்துல நம்ம புரோகிராமை ஓட்டினா, நம்ம சோர்ஸ் கோடையும் திறந்து விட்டுடணுமாமே?

வேண்டாம். ஜிபிஎல் என்பது மென்பொருளை வெளியே கொடுத்தால் மூலக்கோடையும் கொடுக்கச் சொல்லும் உரிமம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உரிமக் கோப்பிலேயே, வழக்கமான சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) மூலம் கெர்னலைப் பயன்படுத்தும் புரோகிராம்களை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாப் புரோகிராமும் தொடும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம், ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதை டைனமிக் முறையில், அதாவது ஓடும்போது தனிக் கோப்பிலிருந்து சேரும்படி, இணைத்தால் உங்கள் கோடை மூடியே வைத்து விற்கலாம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. கமாண்ட் லைன் கருவி எழுதுபவர்கள் அம்புக்குறி விசைக்காக ரீட்லைன் நூலகத்தைச் சேர்ப்பார்கள். அது முழு ஜிபிஎல். அந்த இடத்தில், கோடைத் திறக்கச் சொல்லாத பிஎஸ்டி உரிமத்தில் உள்ள லிப்எடிட் போதும். திரை வடிவமைக்கும் க்யூட்டி நூலகத்தை எல்ஜிபிஎல் உரிமத்தில் எடுத்துவிட்டு ஸ்டாட்டிக்காக, அதாவது உங்கள் புரோகிராமுக்குள்ளேயே, இணைத்தால், பயனர் தானே மறுபடி இணைத்துக்கொள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுக்க வேண்டிவரும். டைனமிக்காக இணைத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கிலும் கவனம் வேண்டும்: எக்ஸ்264 என்ற வீடியோ நூலகத்தைச் சேர்த்துக் கட்டிய பதிப்பு ஜிபிஎல் ஆகிவிடும். முதல் வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் நீங்கள் சேர்த்த ஒவ்வொரு நூலகத்தின் பெயர், பதிப்பு, உரிமம் மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு முதலில் கேட்பது அதைத்தான்.

3. உண்மையிலேயே யாரு வாங்குறாங்க? லினக்ஸ் ஆளுங்க காசே எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சு மேஜைக் கணினிக்கு ஓரளவு பொருந்தும். பெங்களூரில் இருந்துகொண்டு பொதுவாக அப்படிச் சொல்லவே கூடாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் இங்கே வந்ததிலிருந்து வளர்ந்த சிப் வடிவமைப்புத் தொழில் பெரும்பாலும் லினக்ஸில்தான் நடக்கிறது. கேடன்ஸ், சினாப்சிஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் கருவிகளும் ஒரு காலத்தில் சன் சொலாரிஸ், எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் பெட்டிகளில் ஓடியவை. யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுவது அவர்களுக்குச் சிறிய தாண்டல். வன்பொருள் செலவும் பெருமளவு குறைந்தது. இவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வேறு எந்தத் துறையும் லினக்ஸில் வாங்குவதாகத் தெரியவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது சினிமா வேலை. மாயா, ஹூடினி, நியூக் என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள்கள் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. பெரிய ஸ்டுடியோக்கள் அதைத்தான் போடுகின்றன. சாப் நிறுவனத்தின் ஹானா டேட்டாபேஸ் சர்வர் சூசே, ரெட் ஹேட் என்ற இரண்டு லினக்ஸ்களில் மட்டுமே ஓடும், விண்டோஸில் ஓடாது. லினக்ஸையே விற்ற ரெட் ஹேட்டை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. காசு எடுக்காத சந்தையில் இந்தத் தொகை நடமாடாது.

4. அப்ப ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், டேலி எல்லாம் ஏன் இன்னும் வரலை?

முயன்று பார்த்துக் கை சுட்டுக்கொண்டவர்கள் பலர். கோரல் 2000-இல் வேர்ட்பெர்ஃபெக்ட் ஆபீஸை லினக்ஸுக்குக் கொண்டுவந்து கைவிட்டது. போர்லாண்ட் 2001-இல் டெல்ஃபி என்ற நிரல் எழுதும் கருவியை கைலிக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் நின்றது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்ற லோகி 2002-இல் மூடப்பட்டது. அடோபி தன் பிடிஎஃப் ரீடரை லினக்ஸில் 9-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் லினக்ஸ் செயலி 2022 டிசம்பரில் விடைபெற்று, பிரவுசர் வழி டீம்ஸ் வந்தது.

காரணம் எளிய கணக்கு. சிப் கருவி விற்பவர் ஒரே வாடிக்கையாளரிடம் நூற்றுக்கணக்கான சீட் (ஒருவர் பயன்படுத்தும் உரிமம்) விற்கிறார்; அந்த வாடிக்கையாளர் எந்த லினக்ஸைப் போடச் சொன்னாலும் போடுவார். மேஜைக் கணினியில் ஆயிரம் பேர் ஆயிரம் விதமான லினக்ஸ் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சோதிக்க வேண்டும், போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: விண்டோஸில் திருட்டு காப்பியாகவே பழகியவர்கள் லினக்ஸ் பதிப்பு வந்தால் காசு கொடுப்பார்கள் என்று எந்த விற்பனையாளரும் நம்ப மாட்டார். இணையத்தில் ஒரு லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவை விட 500 சீட் ஆர்டர் ஒன்றுக்குத்தான் அசைவார்கள்.

5. எங்க ஆபீஸை லினக்ஸுக்கு மாத்தியாச்சு. ஆடிட்டர் டேலிதான் வேணும்கிறார். என்ன பண்றது?

டேலிபிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் இயக்கும் வைன் கருவியில் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு; மாதக் கடைசியில் ஒரு அப்டேட்டில் படுத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? கணக்கு மென்பொருளை அந்த நிலையில் வைக்காதீர்கள். ஒரே ஒரு விண்டோஸ் இயந்திரத்தை, தனிப் பெட்டியாகவோ லினக்ஸ் சர்வரில் கேவிஎம் மெய்நிகர் இயந்திரமாகவோ வைத்து, மற்ற மேஜைகளிலிருந்து ரெமினா என்ற தொலைத்திரை மென்பொருள் வழியாக உள்ளே போவதுதான் சரியான வழி. விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு தேவை. மெய்நிகர் இயந்திரத்தில் டிபிஎம்மை மென்பொருளாகச் சேர்க்க மறந்தால் நிறுவலே தொடங்காது.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். விண்டோஸ் புரோ ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தொலைவிலிருந்து உள்ளே விடும். மூன்று பேர் சேர்ந்து பில் போட வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான தொலை அணுகல் லைசென்ஸும் வேண்டும், டேலியிலும் சில்வரை விட்டு கோல்டுக்குப் போக வேண்டும். அடுத்து, லேப்டாப்போடு வந்த ஓஈஎம் விண்டோஸ் லைசென்ஸை வேறொரு சர்வரின் மெய்நிகர் இயந்திரத்துக்கு மாற்ற உரிமை கிடையாது.

ஆட்டோகேட் மட்டும்தான் தடை என்றால் பிரிக்ஸ்கேடுக்கு நேரடி லினக்ஸ் பதிப்பு உண்டு. ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பையே அப்படியே திறந்து சேமிக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் வரைபடம் மட்டும் பார்த்து வேலை செய்யும் பட்டறைகளுக்கு அது தாராளம். ஆட்டோலிஸ்ப் நிரல்கள் பெரும்பாலும் ஓடும், ஆனால் ஆட்டோகேடுக்காகவே செய்த துணை மென்பொருள்கள் ஓடாது. வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் உங்கள் பழைய கோப்புகளை, அதுவும் பெரியதாகப் பார்த்து, திறந்து பாருங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருப்பது பாதிக் கிணறு. நீங்கள் போகும் அரசுத் தளம் கேட்கும் கையெழுத்துக் கருவியும் லினக்ஸுக்கு இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மேலே சொன்ன விண்டோஸ் பெட்டியிலேயே டோக்கனைச் செருகி வையுங்கள்.

6. சென்டோஸ்தான் போட்டிருந்தோம். இப்ப அதுக்கு பதிலா என்ன போடணும்?

ரெட் ஹேட்டின் இலவச நகலாக இருந்த சென்டோஸின் 8-ஆம் பதிப்பின் ஆயுளை 2021 டிசம்பர் 31-ஓடு முடிப்பதாக அதற்கு ஓராண்டு முன்புதான் அறிவித்தார்கள். சென்டோஸ் 7 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. இன்னும் 7-இலேயே ஓட்டுபவர்கள் அந்த இயந்திரத்தை இணையத்திலிருந்து துண்டித்தாவது வையுங்கள். ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் ரெட் ஹேட்டைப் பின்பற்றும் இலவசப் பதிப்புகள். 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலக்கோடு வெளியீட்டை வாடிக்கையாளர்களுக்கென்று சுருக்கிய பிறகும் இரண்டும் தொடர்கின்றன.

எதைப் போடுவது என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் வாங்கப்போகும் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, அதில் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். தனியாளாகக் கற்றுக்கொள்பவருக்கு ரெட் ஹேட்டின் டெவலப்பர் சந்தா 16 இயந்திரங்கள் வரை இலவசம், உபுண்டு புரோ 5 வரை இலவசம்.

7. உபுண்டுலயே ஜம்முனு ஓடுதே. எதுக்கு அந்த லிஸ்ட்ல இருக்குறதையே போடணும்?

ஓடும் வரை ஓடும். ஒரு நாள் சிமுலேஷன் 40 மணி நேரம் போய் நடுவில் செத்தால் நீங்கள் விற்பனையாளரிடம் புகார் டிக்கெட் போடுவீர்கள். முதல் பதில், பட்டியலில் உள்ள இயங்குதளத்தில் இதே பிழையைக் காட்டுங்கள் என்பதாக இருக்கும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதே அந்த டிக்கெட்டுக்காகத்தான். அதைப் பயன்படுத்த முடியாத நிலையில் நீங்களே கொண்டுபோய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். எங்கள் கருத்து: விலை லட்சத்தைத் தாண்டினால் பட்டியலை மீறாதீர்கள். நூறு டாலர் எடிட்டருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

8. லைசென்ஸ் சர்வரை ஓட்டினா 'அப்படி ஒரு ஃபைலே இல்லை'ங்குது. ஃபைல் என் கண்ணு முன்னாடி இருக்கு அண்ணா!

இல்லாதது அந்தக் கோப்பு இல்லை, அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர். யார் எத்தனை லைசென்ஸ் எடுக்கிறார்கள் என்று பார்க்கும் ஃப்ளெக்ஸ்நெட் லைசென்ஸ் சர்வரின் பல பதிப்புகள், எல்லா லினக்ஸுக்கும் பொதுவாக வகுத்த எல்எஸ்பி தரத்தின்படி கட்டப்பட்டவை. எல்எஸ்பி பெயருள்ள லோடரைத் தேடும். புதிதாக நிறுவிய லினக்ஸில் அது இருக்காது. கிடைக்கும் இடத்தில் எல்எஸ்பி தொகுப்பை நிறுவுங்கள். கிடைக்காவிட்டால், சிஸ்டத்தின் வழக்கமான 64 பிட் லோடருக்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் பெயர்) போடுங்கள். 32 பிட் புரோகிராமை 64 பிட் லினக்ஸில் ஓட்டும்போதும் இதே வாசகம்தான் வரும். அங்கே 32 பிட் நூலகங்களைச் சேர்க்க வேண்டும்.

அதைத் தாண்டினால் அடுத்த இரண்டு சிக்கல்கள் வரிசையில் நிற்கும். பழைய சர்வர் தன் பூட்டுக் கோப்பை யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் டெம்ப் அடைவில் வைக்கும். புதிய லினக்ஸில் அந்த அடைவே இல்லை என்றால் உருவாக்குங்கள், அல்லது பொதுவான டெம்ப் அடைவுக்கு லிங்க் கொடுங்கள். பிறகு, லைசென்ஸை ஒரு கணினியோடு கட்டும் ஹோஸ்ட் ஐடி. பழைய பதிப்புகள் 'ஈத்0' என்ற பெயருள்ள நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய எண்) மட்டும் பார்க்கும். இப்போதைய லினக்ஸ் கார்டுக்கு வேறு பெயர் வைப்பதால் ஐடி வெறும் பூஜ்ஜியமாக வரும், அல்லது −9 பிழை காட்டும். சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பைக் கேட்டு வாங்குவது முதல் வழி. முடியாதபோது கார்டின் பெயரைப் பழையபடி மாற்றி வைக்கலாம். யூஎஸ்பி ஈதர்நெட்டின் மேக் முகவரிக்கு லைசென்ஸ் எழுதி வாங்கவே வாங்காதீர்கள். அந்தத் துண்டு தொலைந்தால் லைசென்ஸும் போச்சு.

9. சர்வர் மெஷின்ல ஓடுது, பக்கத்து டேபிள்ல −15 எர்ரர். பிங் எல்லாம் போகுது.

−15 என்றால் லைசென்ஸ் சர்வரோடு இணைய முடியவில்லை. பிங் போவதால் போர்ட் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கே இரண்டு புரோகிராம்கள் ஓடுகின்றன: முதன்மை டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) வழக்கமாக 27000-இலிருந்து 27009-க்குள் ஒரு போர்ட்டில் இருக்கும், விற்பனையாளரின் டீமன் ஒவ்வொரு முறையும் கைக்கு வந்த போர்ட்டைப் பிடிக்கும். ஃபயர்வாலில் முதலாவதை மட்டும் திறப்பார்கள், −15 வந்துகொண்டே இருக்கும். லைசென்ஸ் கோப்பின் வெண்டர் வரியில் போர்ட் எண்ணை, உதாரணமாக 27010 என்று, நிரந்தரமாக எழுதி இரண்டையும் திறந்துவிடுங்கள். கோப்பின் முதல் வரியில் உள்ள சர்வர் பெயர் பக்கத்து இயந்திரத்தில் ஐபி முகவரியாக மாறுகிறதா என்றும் பாருங்கள். கிளையன்டிலேயே பெயர் தெரியாமல் பிழை வருவது சாதாரணம்.

−4 வந்தால் அது கோளாறு இல்லை. எல்லா சீட்டையும் எடுத்துவிட்டார்கள். −88 என்றால் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது, நேர ஒத்திசைவைச் சரிசெய்யுங்கள்.

10. 14 இன்ஜினியர் இருக்காங்க, 10 ஃப்ளோட்டிங் லைசென்ஸ் போதுமா?

ஃப்ளோட்டிங் என்பது எல்லோரும் மாற்றி மாற்றி எடுக்கும் பொது லைசென்ஸ். பெரும்பாலும் போதும், ஆனால் யூகிக்க வேண்டாம். லைசென்ஸ் சர்வரின் நிலைக் கட்டளையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஓடவிட்டு, எத்தனை வெளியே போயிருக்கிறது என்று ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வடிவமைப்பை முடித்துச் சிப் ஆலைக்கு அனுப்பும் டேப்-அவுட் வாரத்தில் மட்டும் உச்சத்தைத் தொட்டால் குறுகிய காலச் சந்தா கேளுங்கள். நிரந்தர சீட் வேண்டாம். பல இடங்களில் உண்மையான பஞ்சம் சீட் எண்ணிக்கையால் வருவதில்லை. வெள்ளி மாலை கருவியைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியவர்களால்தான் வருகிறது. லைசென்ஸ் சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் டைம்அவுட் எழுதினால், அந்தக் கருவி அதை மதித்தால், சும்மா கிடக்கும் லைசென்ஸ் தானாகத் திரும்பிவிடும்.

ஒப்பந்தத்தில் பயன்பாட்டு எல்லையைப் படியுங்கள். பல சிப் கருவி ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட வளாகத்துக்கு அல்லது சுற்றளவுக்கு மட்டும் உரிமை தரும். எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்கு வாங்கியதை ஓசூர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக எடுப்பது அனுமதிக்குள் வருமா என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

11. டாவின்சி ரிசால்வ் போட்டேன். ஆடியோ மட்டும் வருது, இல்லாட்டி அதுவும் வரலை. போன்ல எடுத்த வீடியோதான்.

லினக்ஸில், வீடியோ எடிட் செய்யும் ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 வீடியோவைத் திறக்காது. போனும் சாதாரண கேமராவும் எடுப்பது அவற்றில்தான். 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பு, என்விடியா கார்டும் அதன் சொந்த டிரைவரும் இருந்தால் திறக்கும். ஏஏசி ஒலி பல பதிப்புகளில் லினக்ஸில் வராது. இலவசத்திலேயே வேலை நடக்க வேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோவை டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவும் ஒலியை பிசிஎம் ஆகவும் மாற்றி, எம்ஓவி கோப்பாகச் சேமித்துத் திறங்கள். கோப்பு பல மடங்கு பெருகும். வட்டில் இடம் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

12. எல்லாத்துலயும் தமிழ் அடிக்க முடியுது. காசு குடுத்து வாங்கினதுல மட்டும் கீபோர்டு மாற மாட்டேங்குது!

விற்பனையாளர்கள் க்யூட்டி நூலகத்தைத் தங்கள் மென்பொருளோடு கட்டிக் கொடுப்பார்கள். அப்போது ஐபஸ், எஃப்சிடிக்ஸ் போன்ற, பிற மொழிகளில் தட்டச்சுக்கு உதவும் கருவிகளுக்கான உள்ளீட்டுச் செருகிகளைச் சேர்க்க மறந்துவிடுவது வழக்கம். ஆங்கிலத்தில் சோதிப்பவர் கண்ணில் அது படாது. மென்பொருளின் அடைவுக்குள் உள்ளீட்டுச் செருகி அடைவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதே க்யூட்டி பதிப்பின் செருகியை அங்கே நகலெடுத்தால் வேலை செய்யும். பதிப்பு சற்றே மாறினாலும் ஏற்றாது. எப்படியிருந்தாலும் டிக்கெட் போடுங்கள், சீன, ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கும் இதே குறை இருப்பதால் சரிசெய்துவிடுவார்கள்.

13. வெளிநாட்டு சைட்ல கார்டு போட்டு வாங்குறோம். ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் உண்டா? ரினியூவல் ஏன் ஃபெயில் ஆகுது?

பணம் கட்டும் பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். போடாவிட்டால் உங்களைத் தனிநபராகக் கருதி விற்பவரே 18 சதவீதம் சேர்த்துவிடுவார். அதற்கு உள்ளீட்டு வரவு எடுக்க முடியாது. எண்ணைக் கொடுத்தால் வரி நீக்கிய பில் வரும். வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதத்தை ரொக்கக் கணக்கிலிருந்து நீங்களே கட்டி, பிறகு வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

டிடிஎஸ் விஷயத்தில் 2021 மார்ச் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு விற்பனையாளருக்குக் கட்டும் ஆயத்த மென்பொருள் விலை வரி ஒப்பந்தத்தின்படி ராயல்டி ஆகாது, அதனால் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் முன்பு வேறு மாதிரி சொல்லியிருந்ததால் இந்த ஊரில் பல நிறுவனங்கள் தொங்கலில் இருந்தன. விற்பவரின் நாட்டு வரி வசிப்புச் சான்றிதழை வாங்கி வையுங்கள். உள்ளூர் டீலர் வழியாக வாங்கினால் கணக்கு வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

ரினியூவல் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதி, 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். தானியங்கிப் பற்றுக்கு முன் அனுமதி வாங்கும் இ-மேண்டேட் ஏற்பாடு செய்யாத வெளிநாட்டுத் தளமென்றால் சிறு தொகைகூடப் போகாது. மாதச் சந்தாவை விட்டு ஆண்டுச் சந்தாவாக இன்வாய்ஸ் கேட்டு வங்கி வழியாக அனுப்புங்கள். முடிவுத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

14. நாங்களே ஒண்ணு எழுதி விக்கப் போறோம். எந்த லினக்ஸுக்குன்னு பண்றது?

கோடைப் புரோகிராமாகக் கட்டுவதற்குப் (பில்ட்) பழைய லினக்ஸ், சோதிப்பதற்குப் புதியது. ஜிலிப்சியின் பழைய பதிப்பில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. உபுண்டு 24.04-இல் ஜிலிப்சி 2.39, ரெட் ஹேட் 9-இல் 2.34, ரெட் ஹேட் 8-இல் 2.28. உங்கள் லேப்டாப்பில் கட்டி அனுப்பினால் வாடிக்கையாளரின் ரெட் ஹேட் 8, தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று திருப்பிவிடும். அல்மா 8 அல்லது ராக்கி 8 கன்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்த லினக்ஸ் சூழல்) கட்டுங்கள். புதிய சி++ வேண்டுமென்றால் ஜிசிசி டூல்செட்டை அதிலேயே நிறுவலாம். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே கிடையாது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

ஆப்இமேஜ் ஒரே கோப்பாக அழகாக இருக்கும், உபுண்டு 22.04-இலிருந்து அதற்குத் தேவையான ஃப்யூஸ் 2 நூலகம் இயல்பாக நிறுவப்படுவதில்லை, 24.04-இல் எலக்ட்ரான் செயலிகள் சேண்ட்பாக்ஸ் தடையிலும் விழும். நிறுவனங்களுக்கு விற்பதென்றால் ஆர்பிஎம், டெப் தொகுப்புகள் இரண்டும், கூடவே எந்த அடைவிலும் விரித்து ஓட்டும் சாதாரண டார் கோப்பும் கொடுங்கள். ரூட் அனுமதியே இல்லாத இன்ஜினியர் அந்த மூன்றாவதைத்தான் எடுப்பார். கெர்னல் மாட்யூல் எழுதாமல் முடியுமென்றால் எழுதவே எழுதாதீர்கள். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் உடையும், செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமும் வேண்டும்.

15. லினக்ஸ் ஆளுங்க உடைச்சிட மாட்டாங்களா? டாங்கிள் வச்சு விக்கலாமா?

உடைக்க நினைப்பவர் எந்த இயங்குதளத்திலும் உடைப்பார். 3-ஆம் கேள்வியில் சொன்ன வாங்குபவர்களுக்குத் தணிக்கை பயம் உண்டு. அவர்களுக்கு எண்ணிக்கை காட்டும் எளிய லைசென்ஸ் போதும். லைசென்ஸுக்கான யூஎஸ்பி சாவியான டாங்கிளை வைத்தால், சாதனத்துக்கு அனுமதி தரும் யூடெவ் விதி இல்லாமல் சாதாரணப் பயனருக்கு அது தெரியாது. சென்டினல் டாங்கிளென்றால் அதன் பின்னணி டீமனும் ஓட வேண்டும்; 1947 போர்ட்டில் பிரவுசரைத் திறந்தால் டாங்கிள் தெரிகிறதா என்று காட்டும். கிளவுடில் ஓட்டுபவருக்கு டாங்கிளைச் செருக இடமே இல்லை.

இயந்திர ஐடியை மட்டும் வைத்துப் பூட்டாதீர்கள். மெய்நிகர் இயந்திரத்தைக் குளோன் செய்தால் அதே ஐடி பத்து இடத்தில் வரும், டாக்கருக்குள் வேறு மாதிரி வரும். நிறுவனத்தின் பெயரும் முடிவுத் தேதியும் சேர்த்து டிஜிட்டல் கையொப்பமிட்ட லைசென்ஸ் கோப்பு, முடிவுத் தேதிக்குப் பிறகு 15 நாள் சலுகை. சிறிய விற்பனையாளருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இவ்வளவுதான்.

16. கோடைத் திறந்து வச்சுக்கிட்டே சம்பாதிக்க முடியாதா?

முடியும். மும்பையின் ஃப்ராப்பே, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை ஜிபிஎல் 3-இல் வைத்துக்கொண்டே ஹோஸ்டிங்கும் ஆதரவும் விற்கிறது. க்யூட்டி, மைஎஸ்க்யூஎல் இரண்டும் ஜிபிஎல் ஒரு கையில், காசு லைசென்ஸ் மறு கையில் என்று விற்றவை. 2-ஆம் கேள்வியின் கட்டுப்பாடுகள் பிடிக்காதவர் காசு கொடுத்து வெளியே வருகிறார். இதற்கு எல்லாப் பங்களிப்பாளர்களிடமிருந்தும் உரிமை ஒப்பந்தம் வேண்டும். முதல் வெளிப் பேட்ச்சை ஏற்கும் முன்பே அதை வாங்கவில்லை என்றால் பிறகு ஒவ்வொருவராகத் தேடி அலைய வேண்டும்.

பாதி வழியில் உரிமத்தை இறுக்குவது ஆபத்து. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் உரிமத்தை மாற்றியதும் அதே கோடிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் பிரிந்தது; ரெடிஸ் 2024-இல் மாற்றியதும் வால்கி பிரிந்தது.

17. ஃப்ரீபிஎஸ்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் போன்ற இன்னொரு இலவச இயங்குதளம். உரிமம் இன்னும் தாராளம், சந்தை இன்னும் சிறியது. ஜூனிப்பர் ரவுட்டர்களின் ஜூனோஸ், சோனி பிளேஸ்டேஷன் 4 போன்றவை அதன் மேல் எழுந்தவை; பெட்டியோடு சேர்த்து விற்பவர்களுக்கு அது வசதி. தனி மென்பொருள் விற்பவர்கள் ஃப்ரீபிஎஸ்டிக்கென்று கட்டுவது அபூர்வம். அதிலுள்ள லினக்ஸ் பொருத்த அடுக்கில் பல லினக்ஸ் புரோகிராம்கள் ஓடும், ஆனால் 7-ஆம் கேள்வியின் டிக்கெட் சிக்கல் அங்கே இரட்டிப்பாகும்.